பயங்கரவாதத் தடுப்புச் சட்டங்கள்: தீர்ப்புக்கு முன்பே தொடங்கும் தண்டனை

ஒருவர் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் கீழ் கைதானதாகச் செய்தி வரும். அப்புறம் மாதக்கணக்கில் பேச்சே இருக்காது. ஜாமீன் மனு தள்ளுபடி என்று எப்போதாவது இரண்டு வரி வரும். வழக்கு விசாரணை தொடங்காமலேயே மூன்று, நான்கு ஆண்டுகள் ஓடிவிடும். கொலை வழக்கில் கைதானவருக்கே ஜாமீன் கிடைக்கிறது, இவருக்கு ஏன் கிடைக்கவில்லை? நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லாமலே ஒரு தனிமனிதரைப் பயங்கரவாதி என்று அரசு எப்படி அறிவிக்க முடிகிறது? இவ்வளவு கடுமை காட்டியதால் தாக்குதல்கள் குறைந்தனவா?

இந்தக் குழப்பம் தீர ஒரு விஷயத்தை முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும். குண்டு வைப்பது, ஆளைக் கொல்வது, கடத்துவது, அதற்குச் சதி செய்வது எல்லாமே எந்த நாட்டுச் சட்டத்திலும் ஏற்கெனவே பெரிய குற்றங்கள்தான். அவற்றுக்கு அந்தந்த நாட்டின் உச்சபட்சத் தண்டனையும் உண்டு. தனிச் சட்டம் புதிதாகக் கொண்டுவருவது முக்கியமாக ஒன்றைத்தான்: குற்றம் நிரூபணமாவதற்கு முன்பே ஒருவர் மீது அரசு செலுத்தக்கூடிய அதிகாரம். இந்தச் சட்டங்கள் மீதான விமர்சனத்தில் பெரும்பகுதி இங்கிருந்துதான் கிளம்புகிறது.

வரையறையில்லாத குற்றம்

பயங்கரவாதம் என்று பெரும்பாலானோர் ஒப்புக்கொள்வதில் நான்கு கூறுகள் இருக்கும்.

1. வன்முறை, அல்லது வன்முறை மிரட்டல்.
2. அதன் பின்னால் அரசியல், மதம் அல்லது கொள்கை சார்ந்த நோக்கம்.
3. குறியாவது பொதுமக்கள், அல்லது சண்டையில் பங்கில்லாதவர்கள்.
4. அடிபட்டவரைத் தாண்டி, பார்த்துக்கொண்டிருக்கும் மற்றவர்களை அச்சுறுத்துவதே உண்மையான இலக்கு.

இதுவரை பெரிய சண்டை இல்லை. யார் செய்தால் பயங்கரவாதம் என்று கேட்டால்தான் சண்டை வரும். இதே நான்கையும் ஒரு அரசின் ராணுவம் தன் மக்கள் மீது செய்தால் அதற்கும் இந்தப் பெயர்தானா? அந்நிய ஆட்சிக்கு எதிராக ஆயுதம் எடுத்தவர்கள் இதில் அடங்குவார்களா? பயங்கரவாதம் குறித்த முழுமையான சர்வதேச ஒப்பந்தம் ஒன்றுக்கான வரைவை இந்தியா 1996-இல் ஐ.நா.வில் முன்வைத்தது. இந்த இரண்டு கேள்விகளில் சிக்கி அது இன்னும் நிறைவேறவில்லை. கல்வியுலகிலும் இதே நிலைதான். 1988-இல் ஷ்மிட், யோங்மன் என்ற இரு ஆய்வாளர்கள் புழக்கத்தில் இருந்த வரையறைகளைத் திரட்டிப் பார்த்தபோது 109 தேறின.

வரையறை இல்லாதது ஏதோ அறிஞர்களின் தலைவலி என்று விட்டுவிட முடியாது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பதினேழு நாள் கழித்து ஐ.நா. பாதுகாப்பு அவை 1373-ஆம் தீர்மானத்தைக் கொண்டுவந்தது. பயங்கரவாதத்தையும் அதற்கு நிதி தருவதையும் எல்லா நாடுகளும் சட்டம் போட்டுத் தடுத்தாக வேண்டும் என்று அது கட்டளையிட்டது. எது பயங்கரவாதம் என்று அது சொல்லவில்லை. விளைவை ஊகிக்கலாம். ஒவ்வொரு அரசும் தனக்கு வேண்டிய அகலத்தில் வரையறையை எழுதிக்கொண்டது. பொதுச் சொத்துக்குச் சேதம், பொருளாதாரத்துக்கு ஊறு, நாட்டின் ஒற்றுமைக்கு அச்சுறுத்தல் என்று வரையறைக்குள் வந்து சேர்ந்த சொற்கள் பலவும் ஒரு வேலைநிறுத்தத்தையோ சாலை மறியலையோகூட உள்ளே இழுத்துக்கொள்ளும் அளவுக்கு நீளமானவை.

காலம் மாறினால் பெயரும் மாறும். 1993-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்று, அடுத்த ஆண்டே தென்னாப்பிரிக்காவின் அதிபரான நெல்சன் மண்டேலாவின் பெயர், 2008 வரை அமெரிக்காவின் பயங்கரவாதக் கண்காணிப்புப் பட்டியலில் இருந்தது. நீக்குவதற்கு அமெரிக்க நாடாளுமன்றம் தனியாக ஒரு சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

தனிச் சட்டம் எதை மாற்றுகிறது?

சாதாரண குற்ற விசாரணையில் சில பாதுகாப்புகள் இருக்கின்றன. போலீஸ் தவறு செய்யலாம், ஆத்திரத்தில் யாரையாவது பிடிக்கலாம், அடித்து வாக்குமூலம் வாங்கலாம் என்று தெரிந்தே உருவாக்கப்பட்டவை அவை. பயங்கரவாதத் தடுப்புச் சட்டங்கள் கை வைப்பது அந்தப் பாதுகாப்புகளில்தான்.

1. காவல் காலம். பிரிட்டனில் குற்றச்சாட்டுப் பதியாமலே ஒருவரை வைத்திருக்கக்கூடிய காலம் 7 நாளில் தொடங்கி 2003-இல் 14 நாளாகி, 2006-இல் 28 நாளானது. 2005 லண்டன் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு 90 நாள் வேண்டும் என்று டோனி பிளேர் அரசு கேட்டு, நாடாளுமன்றத்தில் தோற்றது. 2011-இல் மறுபடி 14 நாளுக்கு வந்தது. இந்தியாவின் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில், அதாவது செய்திகளில் நாம் உபா என்று படிக்கும் சட்டத்தில், குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய 180 நாள் வரை அவகாசம் உண்டு. சாதாரண வழக்கில் இது 60 அல்லது 90 நாள். இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அமைச்சரின் உத்தரவு ஒன்றை வைத்தே 18 மாதம் அடைத்துவைக்கலாம் என்று இருந்தது. 2022 திருத்தம் அதை 12 மாதமாகக் குறைத்தது.

2. ஜாமீன். மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு 2008-இல் உபாவில் சேர்க்கப்பட்ட 43டி(5) பிரிவைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். போலீஸ் தரப்பு ஆவணங்களைப் பார்த்தவுடன் குற்றச்சாட்டு உண்மையாக இருக்கலாம் என்று நம்ப முகாந்திரம் இருந்தால், நீதிபதி ஜாமீன் தரக் கூடாது. அந்தக் கட்டத்தில் எதிர்த்தரப்பு தன் சாட்சியை முன்வைக்கவோ குறுக்கு விசாரணை செய்யவோ வழியில்லை. ஆதாரங்களை நீதிபதி ஆழமாக எடைபோடக் கூடாது என்று 2019-இல் வட்டாலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. விசாரணை முடிவில்லாமல் இழுத்தால் ஜாமீன் தரலாம் என்று 2021-இல் நஜீப் வழக்கில் ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டதும் அதே நீதிமன்றம்தான். எந்த அமர்வு எதைப் பின்பற்றும் என்பதைப் பொறுத்து ஒருவரின் பல ஆண்டுகள் தீர்மானமாகின்றன.

3. வாக்குமூலம். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது என்பது பிரிட்டிஷ் காலத்திலேயே இந்தியச் சாட்சியச் சட்டத்தில் எழுதப்பட்ட விதி. இன்று நடைமுறையில் இல்லாத பழைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டங்களான தடாவும் பொடாவும் இதைத் தளர்த்தின. உபாவில் அந்தத் தளர்வு இல்லை. இலங்கையில் உதவி போலீஸ் சூப்பிரண்டு நிலைக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் இன்றும் செல்லும்.

4. தொடர்பே குற்றம். உறுப்பினராக இருப்பது, ஆதரிப்பது, கூட்டத்தில் பேசுவது, உதவுவது எல்லாம் தனிக் குற்றங்களாகின்றன. செய்த காரியத்தை விட்டுவிட்டு, கூட இருந்தவர் யார் என்பதை வைத்து வழக்கு நடக்கும்.

5. பட்டியல். நீதிமன்றம் தலையிடுவதற்கு முன்பே அரசின் அறிவிக்கையால் ஒரு அமைப்பு தடைசெய்யப்படும். 2019 திருத்தத்துக்குப் பிறகு இந்தியாவில் தனிநபரையும் இப்படி அறிவிக்கலாம்.

இவற்றில் ஜாமீன் தடையின் எடையை உணர ஸ்டான் சுவாமியின் வழக்கு போதும். திருச்சிப் பக்கம் பிறந்து, ஜார்க்கண்ட் பழங்குடிகளிடையே வாழ்ந்த இயேசு சபைப் பாதிரியார் அவர். 2020 அக்டோபரில் 83 வயதில் உபாவில் கைதானார். நடுக்குவாத நோயால் டம்ளரைக் கையில் பிடிக்க முடியாத நிலை. தண்ணீர் குடிக்க உறிஞ்சுகுழல் வைத்த குவளை வேண்டும் என்று கேட்டு நீதிமன்றத்துக்கு மனுப் போட வேண்டியிருந்தது. ஜாமீன் மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே 2021 ஜூலை 5 அன்று இறந்துபோனார். விசாரணை தொடங்கவே இல்லை. அவர் குற்றவாளியா இல்லையா என்பதற்கு இனி எந்த நீதிமன்றமும் பதில் சொல்லப்போவதில்லை.

இந்தியாவில் 2016 முதல் 2020 வரை உபா வழக்குகளில் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் 24,134 பேர் என்று அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. தண்டனை பெற்றவர்கள் 212, விடுதலையானவர்கள் 386. மிச்சமுள்ள பெரும் எண்ணிக்கை வழக்கு முடியாதவர்களுடையது. தண்டனை விகிதம் குறைவு என்று மட்டும் சொன்னால் இந்தக் கணக்கின் பொருள் பிடிபடாது. இங்கே வழக்கின் காலமே தண்டனையாகிவிட்டது.

ஒரு வாக்குமூலத்தின் முப்பது ஆண்டுகள்

வாக்குமூலப் பிரிவு ஏன் இவ்வளவு ஆபத்தானது என்பதைத் தமிழ் வாசகர்கள் நன்கறிந்த ஒரு வழக்கே காட்டுகிறது. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியும் உடனிருந்த பலரும் மனித வெடிகுண்டுத் தாக்குதலில் கொல்லப்பட்டார்கள். வழக்கு தடா நீதிமன்றத்தில் நடந்தது. 1998 ஜனவரியில் குற்றஞ்சாட்டப்பட்ட 26 பேருக்கும், ஒருவர் பாக்கியில்லாமல், மரண தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் 19 பேரைக் கொலைச் சதியிலிருந்து விடுவித்தது. நான்கு பேருக்கு மரண தண்டனையை உறுதிசெய்து, மூவருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைத்தது.

அதே தீர்ப்பு இன்னொன்றும் சொன்னது: இது தடா சட்டம் குறிப்பிடும் பயங்கரவாதச் செயல் ஆகாது, தடா குற்றச்சாட்டுகள் நிற்காது. சரி, தடா நிற்கவில்லை என்றால், தடா இருந்ததால் மட்டுமே செல்லுபடியான வாக்குமூலங்களும் விழுந்திருக்க வேண்டும் அல்லவா? விழவில்லை. வழக்கு தடாவின் கீழும் சேர்த்து நடந்ததால் வாக்குமூலங்கள் செல்லும் என்று நீதிமன்றம் ஏற்றது.

அவற்றில் ஒன்று பேரறிவாளனுடையது. கைதானபோது அவருக்கு வயது 19. இரண்டு 9 வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பது அவர் மீதான முக்கியக் குற்றச்சாட்டு. அந்த வாக்குமூலத்தைப் பதிவுசெய்த அதிகாரி, ஓய்வுபெற்ற பிறகு 2013-இல் வெளிப்படையாகப் பேசினார். பேட்டரி எதற்காக என்று தனக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டுவிட்டதாக அவர் சொன்னார். பின்னர் உச்ச நீதிமன்றத்திலும் அதைப் பிரமாணப் பத்திரமாகவே தாக்கல் செய்தார். மூடிய அறையில் ஒரு அதிகாரி விட்ட ஒற்றை வாக்கியம் அது. பேரறிவாளன் 2022 மே மாதம் விடுதலையானபோது கைதாகி 31 ஆண்டுகள் நெருங்கியிருந்தன.

ராஜீவ் கொலை கொடூரமானது, அதைச் செய்தவர்கள் தண்டிக்கப்பட வேண்டியவர்கள் என்பதில் சந்தேகமில்லை. அதனால்தான் யார் செய்தது, யார் தெரிந்து செய்தது என்பதைச் சரியாகக் கண்டறிவது இன்னும் முக்கியமாகிறது. கொலைச் சதியில் பங்கில்லை என்று முடிவான 19 பேருக்குக் கீழ் நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்திருந்தது என்பதைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும்.

தற்காலிகம் என்று வந்தவை

1974 நவம்பர் 21 அன்று பர்மிங்காமின் இரண்டு மதுக்கடைகளில் குண்டு வெடித்து 21 பேர் இறந்தார்கள். எட்டே நாளில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் பயங்கரவாதத் தடுப்பு (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டத்தை நிறைவேற்றியது. பெயரிலேயே தற்காலிகம் இருந்தது. திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப்பட்டு, 2000-ஆம் ஆண்டுச் சட்டம் நிரந்தரமாக அதன் இடத்தைப் பிடிக்கும்வரை கால் நூற்றாண்டு ஓடியது. இலங்கை 1979 ஜூலையில் கொண்டுவந்த சட்டத்தின் பெயரிலும் தற்காலிக ஏற்பாடுகள் என்றே இருக்கிறது. மூன்று ஆண்டுக்கு என்று வந்த அது 1982-இல் நிரந்தரமாக்கப்பட்டது. போர் 2009-இல் முடிந்த பிறகும் சட்டம் போகவில்லை.

இந்தியாவில் சட்டங்கள் காலாவதியாகியும் ரத்தாகியும் இருக்கின்றன. 1985-இல் வந்த தடா 1995-இல் காலாவதியாக விடப்பட்டது. 2002-இல் வந்த பொடா 2004-இல் ரத்தானது. ஆனால் பொடாவை ரத்துசெய்த அதே ஆண்டில் அதன் பல பிரிவுகள் 1967-ஆம் ஆண்டின் பழைய உபாவுக்குள் நுழைந்தன. தடாவும் பொடாவும் குறிப்பிட்ட காலக்கெடுவோடு வந்தவை. உபாவுக்குக் கெடுவே இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 113-ஆவது பிரிவு பயங்கரவாதச் செயலைப் பொதுக் குற்றவியல் சட்டத்துக்குள்ளேயே வைத்துவிட்டது. இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. புதிய பிரிவில் உபாவின் ஜாமீன் தடை இல்லை. ஒரு வழக்கை எந்தச் சட்டத்தில் பதிவது என்பதை எஸ்.பி. நிலையில் உள்ள அதிகாரி முடிவுசெய்வார். ஒரே செயலுக்கு ஒருவர் ஜாமீனில் வெளியே வருவதும் இன்னொருவர் ஆண்டுக்கணக்கில் உள்ளே இருப்பதும் ஒரு போலீஸ் அதிகாரியின் தேர்வாகிவிடுகிறது.

சட்டம் தங்கிவிட்டால் அது தொடும் ஆட்களும் மாறுகிறார்கள். இலங்கையில் 2022 மக்கள் போராட்டத்தின்போது அதே பயங்கரவாதத் தடைச் சட்டம் மாணவர் தலைவர்கள் மீது பாய்ந்தது. இளம் முஸ்லிம் கவிஞர் ஒருவர் தன் தமிழ்க் கவிதைத் தொகுப்பின் பேரில் 2020 மே மாதம் கைதாகி, 2021 டிசம்பரில்தான் பிணையில் வந்தார். 2023 டிசம்பரில் அவர் குற்றமற்றவர் என்று நீதிமன்றம் விடுவித்தது. பயங்கரவாதத் தடுப்பும் மனித உரிமையும் குறித்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளராக இருந்த ஃபினூலா நீ ஏலான் 2019-இல் தந்த அறிக்கை இதே போக்கை உலக அளவில் பதிவுசெய்தது. 2005 முதல் அந்தப் பொறுப்பிலிருந்து அரசுகளுக்கு அனுப்பப்பட்ட முறையீடுகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு, குடிமைச் சமூகத்தினர் மீது இத்தகைய சட்டங்கள் ஏவப்பட்டது பற்றியவை.

பட்டியலில் ஏறினால் என்ன ஆகும்?

பட்டியலின் பலன் தெளிவானது. பணம் முடங்கும், ஆள் சேர்ப்பு கடினமாகும், பயணம் நிற்கும். விலை மூன்று வழிகளில் வருகிறது.

முதலாவது, எதிர்த்துப் பேச இடமில்லாமை. சவூதி தொழிலதிபர் யாசின் காதியின் சொத்துகள் 2001-இல் ஐ.நா. பட்டியலை வைத்து முடக்கப்பட்டன. என்ன ஆதாரம் என்று அவருக்குச் சொல்லப்படவே இல்லை. இது அடிப்படை உரிமைக்கு எதிரானது என்று 2008-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐ.நா. அவர் பெயரை நீக்கியது 2012-இல்.

இரண்டாவது, பேச்சுவார்த்தை முடங்குவது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 மே மாதம் விடுதலைப் புலிகளைத் தடைசெய்தது. புலிகள் அரசியல் தலைவர்களைக் கொன்றார்கள், பொதுமக்களைத் தாக்கினார்கள், சிறுவர்களைப் படையில் சேர்த்தார்கள். தடைக்கான காரணங்கள் கற்பனையானவை அல்ல. ஆனால் அப்போது இலங்கையில் போர்நிறுத்தத்தைக் கண்காணித்த குழுவில் ஸ்வீடன், பின்லாந்து, டென்மார்க் நாட்டினர் இருந்தார்கள். தடை போட்ட ஒன்றியத்தின் உறுப்பினர்கள் நடுவர்களாக இருக்க முடியாது என்று புலிகள் சொல்ல, மூன்று நாடுகளும் வெளியேறின. நார்வேயும் ஐஸ்லாந்தும் மட்டும் மிஞ்சின. ஏற்கெனவே ஆட்டம் கண்டிருந்த போர்நிறுத்தத்துக்குக் கண்காணிக்கும் கண்களும் குறைந்தன. போர் மூண்டதற்கு இது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. தடையின் நேரமும் வடிவமும் களத்தில் என்ன செய்யும் என்று போதுமான அளவு யோசிக்கப்படவில்லை என்று நிச்சயமாகச் சொல்லலாம்.

அமெரிக்காவில் இது இன்னும் ஒரு படி மேலே போனது. பட்டியலில் உள்ள குர்து அமைப்புக்கு ஐ.நா.வில் முறையிடுவது எப்படி, பிரச்சினையை அமைதியாகத் தீர்ப்பது எப்படி என்று கற்றுத்தர ஒரு மனித உரிமைக் குழு விரும்பியது. சுனாமி நிவாரணம், சமாதானப் பேச்சு ஆகியவற்றில் புலிகளுக்குச் சட்ட ஆலோசனை தரவும் அதே வழக்கில் அனுமதி கேட்கப்பட்டது. வன்முறையைக் கைவிடச் சொல்லித்தரும் பயிற்சியும் பயங்கரவாத அமைப்புக்கான உதவியே என்று 2010-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று தீர்ப்பளித்தது.

மூன்றாவதுதான் மிகக் கொடியது. சோமாலியாவின் அல் ஷபாப் அமைப்பை அமெரிக்கா 2008-இல் பட்டியலில் சேர்த்தது. உணவு லாரி போகும் வழியில் அந்த அமைப்பு வரி வசூலித்தால்கூடத் தங்கள் மீது வழக்கு வரும் என்ற பயத்தில் உதவி நிறுவனங்கள் பின்வாங்கின. அல் ஷபாபும் தன் பங்குக்குப் பல நிறுவனங்களை விரட்டியது. 2011-இல் வறட்சி முற்றிப் பஞ்சமானபோது இரண்டு பக்கமும் கதவு மூடியிருந்தது. சுமார் 2.6 லட்சம் பேர் இறந்தார்கள் என்றும், பாதிப்பேர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் என்றும் பின்னர் வந்த ஆய்வு மதிப்பிட்டது. ஐ.நா. தடைகளிலிருந்து மனிதாபிமான உதவிக்குப் பொதுவான விலக்குத் தரும் 2664-ஆம் தீர்மானம் 2022 டிசம்பரில்தான் வந்தது.

எல்லோரையும் கண்காணித்தால்?

இதற்கு ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கோடிப் பேர் வாழும் இடத்தில் 100 பேர் தாக்குதலுக்குத் திட்டமிடுகிறார்கள் என்று வையுங்கள். 99 சதவீதம் துல்லியமான ஒரு கண்காணிப்பு முறை கிடைத்துவிட்டது. எந்த நாட்டிடமும் இவ்வளவு துல்லியம் இல்லை, இருந்தாலும் இருக்கட்டும்.

1. அந்த 100 பேரில் 99 பேரை அது சரியாகக் காட்டும்.
2. மீதி 99,99,900 பேரில் ஒரு சதவீதம், அதாவது 99,999 அப்பாவிகளையும் சந்தேக நபர்களாகக் காட்டும்.
3. ஆக, சந்தேகப் பட்டியலில் உள்ள ஆயிரம் பேரில் சுமார் ஒருவர்தான் உண்மையான ஆள். மற்ற எல்லோர் வீட்டுக் கதவும் வீணாகத் தட்டப்படும்.

நடைமுறையும் இதையேதான் காட்டியது. பிரிட்டனில் சந்தேகத்துக்குக் காரணமே தேவையில்லாமல் யாரையும் நிறுத்திச் சோதிக்க 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44-ஆவது பிரிவு அனுமதித்தது. 2009-10-இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அப்படி நிறுத்தப்பட்டார்கள். பயங்கரவாதக் குற்றத்துக்காக அவர்களில் ஒருவர்கூடக் கைதாகவில்லை. அந்த அதிகாரம் தனிமனித உரிமையை மீறுகிறது என்று 2010-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சொன்னது. அமெரிக்கா தன் குடிமக்களின் தொலைபேசி அழைப்பு விவரங்களை மொத்தமாகச் சேகரித்தது 2013-இல் அந்நாட்டு உளவு அமைப்பின் ரகசிய ஆவணங்களை வெளியிட்ட ஸ்னோடன் மூலம் அம்பலமானது. அத்திட்டத்தை ஆராய்ந்த அரசின் சொந்தக் கண்காணிப்பு வாரியம், அமெரிக்காவுக்கு அச்சுறுத்தலான ஒரு விசாரணையின் முடிவைக்கூட அது மாற்றியதாகக் காணோம் என்று 2014 ஜனவரியில் எழுதியது.

கடுமை பலன் தந்ததா?

வட அயர்லாந்தில் 1971 ஆகஸ்ட் 9 அதிகாலை ராணுவம் வீடு வீடாகப் புகுந்து 342 பேரைப் பிடித்தது. விசாரணையில்லாச் சிறை என்ற கொள்கையின் முதல் நாள் அது. உளவுத் தகவல்கள் பழையவை, பலர் தவறான ஆட்கள். 1975 டிசம்பரில் கைவிடப்படும்வரை 1,981 பேர் அடைக்கப்பட்டார்கள். வன்முறை இரு தரப்பிலும் இருந்தும், பிரிட்டிஷ் ஆதரவுத் தரப்பினர் அவர்களில் 107 பேர் மட்டுமே. இந்தச் சிறைவைப்பை எதிர்த்து 1972 ஜனவரி 30 அன்று டெர்ரியில் நடந்த ஊர்வலத்தின் மீதுதான் ராணுவம் சுட்டது. அன்று 13 பேர் இறந்தார்கள், காயமடைந்த ஒருவர் பின்னர் இறந்தார். அந்த ஆண்டு மொத்தம் 470-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள், முப்பது ஆண்டு மோதலில் மிக மோசமான ஆண்டு அதுதான். பிரிட்டிஷ் ஆட்சியை ஆயுதத்தால் எதிர்த்த ஐ.ஆர்.ஏ. அமைப்பில் சேர இளைஞர்கள் வரிசையில் நின்றார்கள்.

இந்தப் பாதையை ஆப்பிரிக்காவில் ஐ.நா. வளர்ச்சித் திட்டம் 2017-இல் வெளியிட்ட ஆய்வும் காட்டியது. தீவிரவாதக் குழுக்களில் தாமாகச் சேர்ந்தவர்களிடம் கடைசியாக உந்தித் தள்ளியது எது என்று கேட்டபோது 71 சதவீதம் பேர் அரசின் நடவடிக்கையைச் சொன்னார்கள். குடும்பத்தினரோ நண்பரோ கொல்லப்பட்டது, கைது செய்யப்பட்டது போன்றவை. அப்படியானால் இக்குழுக்கள் முடிவுக்கு வருவது எப்படி? 1968 முதல் 2006 வரை முடிவுக்கு வந்த 268 குழுக்களை ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 2008-இல் ஆராய்ந்தது. 43 சதவீதம் அரசியல் வழிக்குத் திரும்பின, 40 சதவீதம் போலீஸ், உளவுப் பணியால் முடங்கின, 10 சதவீதம் வென்றன. ராணுவ பலத்தால் ஒழிந்தவை 7 சதவீதம்.

விமர்சகர்கள் மீதான விமர்சனம்

இந்தக் கேள்விகளைக் கோர்வையாக எழுப்பும் ஒரு ஆய்வுப் பிரிவு பிரிட்டனின் அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஜாக்சன் முதலியோரைச் சுற்றி வளர்ந்து, 2008-இல் தனக்கென ஒரு ஆய்விதழைத் தொடங்கியது. பயங்கரவாத ஆய்வு அரசின் பார்வையையே கடன் வாங்குகிறது, அரசு வன்முறையைக் கணக்கில் எடுப்பதில்லை என்பது இவர்களின் முக்கிய வாதம். அர்ஜென்டினாவில் 1976 முதல் 1983 வரை ராணுவ ஆட்சி பயங்கரவாதத்தை ஒழிப்பதாகச் சொல்லித்தான் ஆயிரக்கணக்கானோரைக் காணாமலாக்கியது. அதை விட்டுவிட்டுப் பயங்கரவாதத்தை எண்ணினால் கணக்கு முழுமையாகாது.

எதிர்வாதங்களிலும் பொருள் இருக்கிறது. மிரட்டப்பட்ட சாட்சி வாய் திறக்க மாட்டார். தற்கொலைத் தாக்குதல்காரரைத் தண்டனை பயமுறுத்தாது, ஆகவே முன்கூட்டியே தடுத்தாக வேண்டும். அரசு வன்முறையைச் சுட்டிக்காட்டுவதே சந்தையில் குண்டு வைத்தவருக்குச் சமாதானமாகிவிடக் கூடாது. முன்கூட்டித் தடுப்பதற்கான தேவையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அதைச் சாதாரண நீதிக்குள்ளேயே செய்ய முடியும். 2006-இல் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கும் சதியைப் பிரிட்டிஷ் போலீஸ் குறிப்பிட்ட ஆட்களைப் பின்தொடர்ந்து முறியடித்தது. முக்கியக் குற்றவாளிகள் ஜூரி முன் நிறுத்தப்பட்டுத் தண்டிக்கப்பட்டார்கள்.

பாதிக்கப்பட்டவர்களுக்கு எது நீதி?

கடுமையான சட்டத்தை எதிர்ப்பவர்களிடம் எப்போதும் கேட்கப்படுவது, செத்தவர்களுக்கு என்ன பதில் என்பது. நியாயமான கேள்வி. அதற்குச் சில வழக்குகளின் முடிவைப் பார்க்க வேண்டும்.

பர்மிங்காம் குண்டுவெடிப்புக்காக ஆறு பேர் 1975-இல் ஆயுள் தண்டனை பெற்றார்கள். அடித்து வாங்கிய வாக்குமூலமும் பிழையான தடயப் பரிசோதனையும்தான் அடிப்படை. 1991-இல் விடுதலையானார்கள். 21 பேரைக் கொன்றதற்காக இன்றுவரை வேறு யாரும் தண்டிக்கப்படவில்லை. 2001 செப்டம்பர் தாக்குதலின் சூத்திரதாரி என்று சொல்லப்படும் காலித் ஷேக் முகமது 2003 மார்ச்சில் பிடிபட்டார். சி.ஐ.ஏ. அவரைத் தண்ணீரில் மூச்சுத்திணற வைத்தது 183 முறை. அந்தச் சித்திரவதை சாட்சியத்தில் கலந்துவிட்டதால் அமெரிக்காவின் குவான்டனாமோ சிறைமுகாமில் உள்ள ராணுவ ஆணையத்தில் வழக்கு இருபது ஆண்டு கடந்தும் தீர்ப்புக்கு வரவில்லை. நார்வேயில் 2011 ஜூலை 22 அன்று ஒரே ஆள் 77 பேரைக் கொன்றான். வழக்கமான நீதிமன்றத்தில், வழக்கறிஞரோடு, குடும்பத்தினர் பார்க்க விசாரணை நடந்தது. பதின்மூன்று மாதத்தில் தீர்ப்பு வந்தது.

குஜராத் அக்ஷர்தாம் கோயிலில் 2002-இல் 30-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்ட வழக்கில் பொடா நீதிமன்றம் ஆறு பேரைத் தண்டித்தது. அவர்களில் சிலருக்கு மரண தண்டனை. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஆறு பேரையும் விடுவித்து, புலனாய்வைக் கடுமையாகக் கண்டித்தது. இழந்த ஆண்டுகளுக்கு இழப்பீடு கேட்டு அவர்கள் போனபோது 2016-இல் அதே நீதிமன்றம் மறுத்தது. தவறாக வழக்குத் தொடரப்பட்டவர்களுக்கு நிவாரணம் தரத் தனிச் சட்டம் வேண்டும் என்று இந்தியச் சட்ட ஆணையம் 2018-இல் தன் 277-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. அத்தகைய சட்டம் வந்தால், ஒருவரைப் பயங்கரவாதி என்று அழைத்துப் பல ஆண்டு அடைத்துவைப்பதற்கு அரசும் ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கும். பரிந்துரை இன்னும் சட்டமாகவில்லை.